கூலி கேட்ட ஓவியன்

1728-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆந் திகதி, இலண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்திலே ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. வழக்காளி முப்பது வயதே நிரம்பிய ஒரு செதுக்குத் தொழிலாளர். எதிராளி ஜோஷுவா மொறிஸ் என்னும் சித்திரத் திரைச்சீலை வணிகர். மேனாட்டார் கூறும் நாற்பூதங்களுள் ஒன்றாகிய நிலத்தை உருவகித்துப் பெரியதோர் ஓவியம் எழுதித் தரவேண்டும் என்பது இருவருக்கும் இடையே நிகழ்ந்த ஒப்பந்தம். அந்த ஓவியத்தைப் பார்த்தே நெசவாளர் திரைச்சீலையை நெய்வர். ஓவியம் எழுதி முடிந்தது. உரிய இடத்தில் ஒப்படைக்கவும் பட்டது. ஆனால், பணந்தான் வரவில்லை. இவர் செப்புத் தகட்டிலே செதுக்குபவரேயன்றி ஓவியர் அல்லர் என்று தாம் கேள்விப்பட்டதாகவும், இவர் எழுதியதை வைத்துக்கொண்டு தம்முடைய ஆட்களால் நெய்ய இயலாது என்றும் வணிகர் காரணங் காட்டினார். ஓவியக் கலை வல்லார் சிலர் முன்வந்து வழக்காளிக்காகச் சாட்சியம் அளித்தனர். தீர்ப்பு வழக்காளிக்கே சாதகமாயிற்று.

அவ்வழக்காளியின் பெயர் வில்லியம் ஹோகார்த். ஆங்கில நாட்டு ஓவியத்துக்கு அந்நிய நாட்டாரின் நிழலிலிருந்து விலகித் தன் காலில் நிற்கும் வலிமையைத் தந்தவர் என்று பிற்காலத்தார் போற்றுகின்ற அதே ஹோகார்த் இவரேயாவர்.

புரவலன் பரிசில் தரக் காலந் தாழ்த்தும்போது, புலவன் அதனை அவனுக்கு நினைவூட்டுவதைப் பரிசில் கடாநிலை எனப் பெயரிட்டு ஒரு தனித் துறையாகவே வகுத்து வைத்தனர் நம் முன்னோர். கலைஞன் தன் உழைப்புக்கு உரியதைக் கேட்டே பெறவேண்டிய நிலை எந்நாட்டுக்கும் புதிதன்று என்பது இதனாலே விளங்கும். ஆனால், ஹோகார்த் நினைவூட்டுவதோடு நின்றாரல்லர். வழக்காடிக் கேட்டார், முற்பணம் வைத்துக் கேட்டார், ஈற்றில் நாட்டிலே புதியதொரு சட்டத்தை இயற்றுவித்துக் கேட்டார். அவர் வாழ்க்கையை இந்த ஒரு நோக்கிலே பார்ப்பதும் பயனுடையதாகும்.

தந்தையார் கண்ட சிறை

1697-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆந் திகதி, இலண்டனில் ஸ்மித்பீல்ட் சந்தைக்கு அருகே, சென்ற் பார்த்தலோமியு வைத்தியசாலையின் அயலிலே ஹோகார்த் பிறந்தார். தந்தையார் ரிச்சர்ட் ஹோகார்த் வட இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லந்துப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்த பள்ளி ஆசிரியர். இலத்தீன் மொழியிலே ஆழ்ந்த புலமையுடையவர். மாணவர்க்கான பாடநூல்களும் எழுதியவர். புலமை இருந்த அளவுக்கு உலகியற் சாமர்த்தியம் அவரிடம் இருக்கவில்லை. வருகின்றவர்கள் இலத்தீனிலேயே உரையாடி மகிழலாம் என்று விளம்பரஞ் செய்து ஒரு கோப்பிக் கடையைத் திறந்தார். அத்தகைய கடைக்கு எத்தனை பேர் வருவர்? கடை நொடித்தது, கடன் ஏறிற்று, ரிச்சர்ட் ஹோகார்த் பிளீட் என்னும் கடன் சிறைக்குப் போனார்.

அக்காலத்து ஆங்கிலச் சட்டம், கடனை இறுக்க முடியாதவனைச் சிறையிலே அடைத்தது. சிறையில் இருப்பவன் உழைப்பது எங்ஙனம், கடனைத் தீர்ப்பது எங்ஙனம் என்று அச்சட்டம் கேட்கவில்லை. சிறையிலும் அதன் எல்லைக்குட்பட்ட தெருக்களிலுமாக அக்குடும்பம் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளைக் கழித்தது. 1712-இல் கடனாளிகளுக்கு நிவாரணம் அளித்த சட்டமொன்றின் பயனாகவே அவர்கள் வெளியே வந்தனர்.

இவ்வளவு இடருக்கிடையிலும் ரிச்சர்ட் ஹோகார்த் ஓர் இலத்தீன் அகராதியைத் தொகுத்தார். கற்றவர்கள் அதனைப் பாராட்டினர். புத்தக வெளியீட்டாளர் வாக்குறுதிகளை வாரி வழங்கினர். ஆனால், நூல் அச்சேறவில்லை. உழைப்புக்குக் கூலியும் கிடைக்கவில்லை. 1718-இல் அவர் காலமானார். புத்தக வணிகரும் அச்சகத்தாரும் காட்டிய கொடுமையே தந்தையாரின் வாழ்நாளைக் குறுக்கியது என்று மகன் தம் முதுமையில் எழுதிய குறிப்புக்களிலே மனங் கசந்து கூறியிருக்கிறார். எழுதுகோலை மட்டும் நம்பி வாழ்வது எவ்வளவு நிலையற்றது என்பதைச் சிறு வயதிலேயே கண்ட காரணத்தால், பள்ளிப் படிப்பை விட்டுக் கைத்தொழில் ஒன்றைப் பழகத் தாம் விரும்பியதாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

வெள்ளித் தட்டும் கடைச் சீட்டும்

1714-இல் ஹோகார்த் எல்லிஸ் காம்பிள் என்னும் வெள்ளிப் பாத்திரச் செதுக்குத் தொழிலாளரிடம் வேலை பழகச் சேர்ந்தார். பிரபுக்களின் தட்டுக்களிலும் கிண்ணங்களிலும் அவரவர் குலச் சின்னங்களைச் செதுக்குவதே அங்கு வேலை. சிங்கத்தையும் கழுகையும் நாள்தோறும் செதுக்கிச் செதுக்கி அவருக்குச் சலித்துவிட்டது. 1720-ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் பெயர் பொறித்த தொழிற் சீட்டு ஒன்றைச் செதுக்கிக்கொண்டு, தனித்துத் தொழில் தொடங்கினார்.

தனித் தொழில் என்பதன் பொருள், இன்று ஒருவர் தரும் வேலை, நாளை வேறொருவர் தரும் வேலை, நாளை மறுநாள் ஒன்றுமில்லை என்பதே. வணிகரின் கடைச் சீட்டுக்கள், புத்தகங்களுக்கான படங்கள் என்று வந்தவை யாவற்றையும் ஹோகார்த் செய்தார். தம் சகோதரிகள் நடத்திய சிறிய உடுப்புக் கடைக்கும் ஒரு சீட்டுச் செதுக்கிக் கொடுத்தார். பகலெல்லாம் தொழில், ஓய்ந்த வேளையிலே ஓவியப் பயிற்சி. தெருவிற் கண்ட முகங்களை உள்ளத்திலே பதித்து வைத்துக்கொள்ளும் ஒரு முறையையும் தாமாகவே பழகிக்கொண்டார். கையிலே தாள் இல்லாதபோது பெருவிரல் நகத்திலே கோடு கீறிக்கொண்டு வீடு திரும்பி, அதைப் படமாக்குவாராம்.

1724-இல் இத்தாலிய இசை நாடகங்களின் மீதும் முகமூடிக் களியாட்டங்களின் மீதும் இலண்டன் மக்கள் கொண்டிருந்த மோகத்தைக் கேலி செய்து ஒரு படத்தைச் செதுக்கித் தாமே வெளியிட்டார். விலை ஒரு ஷிலிங். படம் நகரெங்கும் பேசப்பட்டது. ஆனால், ஆசிரியருக்கு வருவாய் வரவில்லை. காரணம் எளிது. படக் கடைக்காரர் ஒரு பிரதியை வாங்கி, கூலிக்கு ஒருவனை அமர்த்தி, அதே போன்ற தகடு ஒன்றைச் செதுக்குவித்து, பாதி விலைக்கு விற்றனர். ஹோகார்த் விற்பனைக்கு வைத்த மூலப் பிரதிகளையோ விலைபோகவில்லை என்று திருப்பியனுப்பினர். சரக்கை விற்பதற்கு அந்தக் கடைகளை விட்டால் வேறு கதியில்லை. ஆதலால், திருடியவர்களே விலை பேச, அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு தகட்டைக் கைவிட வேண்டியதாயிற்று.

செப்புத் தகடு என்பது இத்தொழிலிலே வெறுங் கருவி அன்று. செதுக்கிய கோடுகளிலே மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையால் அழுத்தினால் ஒரு படம் கிடைக்கும். மீண்டும் மை பூசினால் இன்னொரு படம். ஒருமுறை வைத்துவிட்டால் பல்லாண்டு காய்க்கும் தென்னைபோல அது பயன் தரும். அத்தென்னையை வைத்தவன் ஒருவன், குலை வெட்டுபவன் வேறொருவன் என்ற நிலையை ஹோகார்த் அன்று தொடங்கி மறக்கவேயில்லை.

பாதிப் பணம் முன்னே

அக்காலத்திலே ஆங்கிலேய ஓவியருள் தலைமை பெற்று விளங்கியவர் சேர் ஜேம்ஸ் தோர்ன்ஹில். கிறீனிச் மாளிகையின் பெரு மண்டபத்திலே அவர் தீட்டிய ஓவியங்களுக்கு அரசாங்கம் சதுர யார் கணக்கிலே, முகட்டுக்கு மூன்று பவுண், சுவருக்கு ஒரு பவுண் எனக் கூலி அளந்தது. துணியை முழம் போட்டு அளப்பதுபோல ஓவியத்தையும் அளந்த காலம் அது. தோர்ன்ஹில் நடத்திய ஓவியப் பள்ளிக்குச் சென்றுவந்த ஹோகார்த், 1729-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அவருடைய மகள் ஜேனைத் தந்தையின் சம்மதமின்றியே மணஞ் செய்துகொண்டார்.

இல்லறத்துக்குப் பொருள் வேண்டும். செல்வர் வீடுகளிலே குடும்பத்தார் கூடியிருந்து தேநீர் அருந்துவதும் சீட்டாடுவதுமான காட்சிகளைச் சிறிய அளவிலே எழுதும் புதுவகை ஓவியங்களில் அவர் ஈடுபட்டார். இவ்வகைப் படங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 1731 ஜனவரி முதலாந் திகதி அவர் எழுதி வைத்த கணக்கொன்று இன்றும் அறியக் கிடக்கிறது. முற்றுப்பெறாது தம் கையிலுள்ள படங்கள் யாவை, அவற்றை எழுதச் சொன்னவர் யாவர் என்பதைக் காட்டும் பட்டியல் அது. அதன் தலைப்பிலேயே, இவற்றுக்குப் பாதித் தொகை பெறப்பட்டுவிட்டது என்ற குறிப்புக் காணப்படுகிறது. திரைச்சீலை வழக்கு முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. பட்டறிவு பாடமாகிவிட்டது. அச்சாரம் வாங்காமல் தூரிகையைத் தொடுவதில்லை என்பது அவருடைய தொழில் நியதி ஆயிற்று.

அவ்வாறிருந்தும் மீதிப் பாதி எளிதிலே வந்துவிடவில்லை. அவரைப் பற்றி வழங்கும் கதையொன்று உண்டு. அழகிலே குறைந்த ஒரு பிரபு தம் உருவத்தை எழுதும்படி ஹோகார்த்தைக் கேட்டார். ஹோகார்த் உள்ளதை உள்ளபடியே எழுதினார். அதைக் கண்ட பிரபு பணம் அனுப்பாமல் நாட்களைக் கடத்தினார். பல முறை நினைவூட்டியும் பயனில்லை. ஈற்றில் ஹோகார்த் ஒரு கடிதம் விடுத்தார். இப்படம் தங்களுக்கு வேண்டாமெனில், மூன்று நாள் கழித்து இதற்கு ஒரு வாலும் வேறு சில உறுப்புக்களும் சேர்த்து, காட்டு விலங்குகளைக் காட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு விற்றுவிட எண்ணியிருக்கிறேன் என்பது அதன் சாரம். பணம் உடனே வந்து சேர்ந்தது. பிரபு படத்தை வாங்கி நெருப்பிலிட்டாராம். இக்கதையில் நகைச்சுவை இருப்பினும், வாசலிலே காத்து நிற்கும் ஒரு தொழிலாளியின் கசப்பும் அதனுள்ளே இருக்கிறது.

ஒரு பிரபுவும் ஆயிரம் பொதுமக்களும்

குடும்பப் படங்களிலே உழைப்பு மிகுதி, வருவாய் குறைவு. ஒருவருக்காக எழுதிய படம் அவர் வீட்டுச் சுவரிலே தொங்குவதோடு முடிந்துவிடும். ஆகவே ஹோகார்த் வேறு வழியை நாடினார். ஒரு செல்வரின் தயவைப் பார்த்திராமல், ஆயிரம் பேரிடம் சிறு சிறு தொகையாகப் பெறுவது என்பதே அவ்வழி.

கிராமத்திலிருந்து இலண்டனுக்கு வந்திறங்கும் ஓர் ஏழைப் பெண், வஞ்சகர் கையிற் சிக்கி, விலைமகளாகி, சிறைப்பட்டு, இளமையிலேயே நோயுற்று இறக்கும் கதையை ஆறு படங்களாக எழுதினார். ‘ஒரு விலைமாதின் வாழ்க்கைப் போக்கு’ என்று அதனை நாம் தமிழிலே சொல்லலாம். அவற்றைத் தாமே செப்பில் செதுக்கி, படக் கடைகளை ஒதுக்கித் தம் வீட்டிலேயே விற்க முடிவு செய்தார். பத்திரிகைகளிலே விளம்பரஞ் செய்து சந்தாதாரரைச் சேர்த்தார். ஆறு படங்களுக்கும் ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷிலிங். பெயரைப் பதியும்போது அரைக் கினி. படங்களைப் பெறும்போது எஞ்சிய அரைக் கினி. முற்பணத்துக்கான பற்றுச்சீட்டையும் அழகியதொரு சிறு சித்திரமாகவே செதுக்கி அளித்தார். 1732-இல் படங்கள் வெளிவந்தபோது சந்தாதாரர் தொகை 1,200-க்கு மேற்பட்டிருந்தது. பிரபுக்களிடம் பாதிப் பணத்துக்குக் கைகட்டி நின்ற ஓவியர், இப்போது தம் வீட்டு வாசலிலே பாதிப் பணத்தோடு மக்கள் வந்து நிற்கக் கண்டார்.

இப்படங்களைக் கண்ட பின்னரே மாமனாரின் சினம் தணிந்தது என்பர். மாமியாரின் யோசனைப்படி மகள் அப்படங்களைத் தந்தையின் உணவுச் சாலையிலே வைத்தார் என்றும், இத்தகைய படங்களை எழுத வல்லவன் சீதனம் இல்லாமலே மனைவியைக் காப்பாற்றுவான் என்று தோர்ன்ஹில் கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

ஆனால், திருடர் ஓயவில்லை. சில கிழமைகளுக்குள்ளேயே போலிப் படங்கள் கடைகளிலே தொங்கின. விசிறிகளிலும் கிண்ணங்களிலுங்கூட அக்காட்சிகள் ஏறின. கடையையும் தரகரையும் தவிர்த்துவிட்ட ஹோகார்த்தாலும் களவைத் தவிர்க்க முடியவில்லை.

சட்டத்தின் துணை

நூலாசிரியருக்கு இங்கிலாந்திலே ஏற்கெனவே பாதுகாப்பு இருந்தது. ஆன் அரசியார் காலத்திலே, 1710-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் புத்தகங்களின் பதிப்புரிமையை அவற்றை எழுதியவருக்கு வழங்கியது. படம் செதுக்குபவருக்கோ அத்தகைய உரிமை யாதும் இல்லை. 1735-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஹோகார்த்தும், ஜோர்ஜ் வேர்ட்டியூ முதலான வேறு சில கலைஞரும் பாராளுமன்றத்துக்கு மனுச் செய்தனர். நீண்ட நாள் உழைத்துத் தாம் ஆக்கியதைப் பிறர் சில நாளிலே நகல் செய்து, தமக்குரிய பயனைக் கவர்ந்துகொள்வதையும், கடைக்காரரின் தயவிலே வாழவேண்டியிருப்பதையும் எடுத்துரைத்தனர்.

சட்டம் நிறைவேறியது. 1735 ஜூன் 24-ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. புதிதாகக் கற்பனை செய்து செதுக்கிய படத்தின் முழு உரிமையும் பதினான்கு ஆண்டுகளுக்கு அதை ஆக்கியவருக்கே உரியதாயிற்று. தகட்டிலே உரிமையாளரின் பெயரும் வெளியீட்டுத் திகதியும் பொறிக்கப்பட வேண்டும். அனுமதியின்றி நகல் செய்பவர் தகட்டையும் தாள்களையும் இழப்பதோடு, பிடிபடும் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து ஷிலிங் தண்டமும் இறுக்க வேண்டும். அச்சட்டத்துக்கு ஹோகார்த்தின் சட்டம் என்றே பெயர் வழங்கலாயிற்று. சிறையிலே கிடந்த பள்ளி ஆசிரியரின் மகன் தொழிலாளருக்குப் பாராளுமன்றத்திலே நியாயம் தேடிக்கொடுத்தான்.

தந்தை தேடி வைத்த பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு, கடன் சிறையிலும் பின் பித்தர் விடுதியிலும் சென்று முடியும் ஓர் ஊதாரியின் கதையை எட்டுப் படங்களாக ஹோகார்த் அதற்கு முன்னரே செதுக்கி வைத்திருந்தார். ஆனால், சட்டம் வரும்வரை அவற்றை வெளியிடாது பொறுத்திருந்தார். சட்டம் நடைமுறைக்கு வந்த மறுநாளே, ஜூன் 25-ஆந் திகதி, அவை வெளியாயின. கடைக்காரர் இந்த இடைவெளியிலும் சும்மா இருக்கவில்லை. ஓவியங்களைப் பார்ப்பவர்போல ஆட்களை அவர் வீட்டுக்கு அனுப்பி, அவர்கள் நினைவிற் கொண்டுவந்தவற்றை வைத்து அவசர அவசரமாகப் போலிகளைத் தயாரித்து முந்திக்கொண்டனர். அப்போலிகளில் உயிர் இருக்கவில்லை. ஹோகார்த் அவர்களை விளம்பரத்திலே வெளிப்படையாகக் கண்டித்தார். அத்துடன், இரண்டு கினி கொடுத்து வாங்க இயலாதவர்களுக்காகத் தம் அனுமதியுடன் சிறிய பிரதிகளை இரண்டரை ஷிலிங்குக்கு வெளியிடச் செய்தார். களவை ஒழிக்கச் சட்டம் மட்டும் போதாது, ஏழைக்கு எட்டும் விலையும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதன் பின்னர் அவருடைய தொழில் ஓங்கிற்று. லெஸ்டர் பீல்ட்ஸ் சதுக்கத்திலே, பொன்முலாம் பூசிய தலைச்சிலை ஒன்றை அடையாளமாகக் கொண்ட அவர் வீடு, ஓவியக் கூடமாகவும் விற்பனைச் சாலையாகவும் விளங்கியது. 1747-இல் உழைப்பாளி ஒருவனும் சோம்பேறி ஒருவனுமான இரு தொழிலாளரின் கதையைப் பன்னிரண்டு படங்களாகச் செதுக்கிப் பன்னிரண்டு ஷிலிங்குக்கு விற்றார். 1751-இல் ஜின் என்னும் சாராயம் இலண்டன் ஏழைகளை அழித்த கொடுமையைக் காட்டும் படத்தை ஒரு ஷிலிங் விலையில் வெளியிட்டார்.

ஏலத்திலே தோல்வி

இனி, இவ்வாழ்க்கையின் மறுபக்கத்தையும் காணவேண்டும். அச்சுப் படங்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. அவற்றுக்கு மூலமாகிய வண்ண ஓவியங்களோ விலைபோகவில்லை. இத்தாலியப் பழைய ஓவியங்களுக்கு அள்ளிக் கொடுத்த செல்வர், உயிரோடிருக்கும் ஆங்கிலேயன் எழுதியதை மதிக்கவில்லை. 1745-இல் ஹோகார்த் தரகரை நாடாமல் தாமே ஏலம் நடத்தினார். விலைமாதின் கதைப் படங்கள் ஒவ்வொன்றும் பதினான்கு கினிக்கும், ஊதாரியின் கதைப் படங்கள் ஒவ்வொன்றும் இருபத்திரண்டு கினிக்கும் போயின. பத்தொன்பது ஓவியங்களுக்கும் சேர்த்து அவர் பெற்றது 427 பவுண் 7 ஷிலிங். அதே ஆண்டிலே நடிகர் டேவிட் காரிக்கை மூன்றாம் ரிச்சர்டு மன்னன் வேடத்திலே எழுதிய ஒரே படத்துக்கு அவருக்கு 200 பவுண் கிடைத்தது என்பதை நினைத்தால், அந்தத் தொகை எவ்வளவு அற்பமென்பது புலனாகும்.

1751-இல் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. பணத்துக்காக நிகழும் ஒரு பொருந்தாத் திருமணத்தின் கதையைக் கூறும் ஆறு ஓவியங்கள், அவருடைய ஆக்கங்களுள் மிகச் சிறந்தவை என்று கருதப்படுபவை, ஏலத்துக்கு வந்தன. குறித்த நாளிலே ஹோகார்த்தின் வீட்டுக்கு வந்தவர் லேன் என்னும் ஒரே ஒரு கனவான்தான். எழுத்திலே வந்திருந்த கேள்வி 120 பவுண். லேன் அதைக் கினியாக்கி 120 கினி தருவதாகச் சொன்னார். நேர்மை மிக்க அக்கனவான், வேறெவராவது வந்து கூடிய விலை கேட்கக்கூடும் என்று பிற்பகல் மூன்று மணிவரை காத்திருக்கவும் இசைந்தார். எவரும் வரவில்லை. ஆறு ஓவியங்களின் சட்டங்களுக்கு மட்டுமே ஹோகார்த் இருபத்து நான்கு கினி செலவிட்டிருந்தார். அந்த ஆறும் இன்று இலண்டன் தேசிய ஓவியக் காட்சிச்சாலையின் பெருமைக்குரிய செல்வங்களாக விளங்குகின்றன.

கூலிக்காக இவ்வளவு போராடிய மனிதர் பொருளாசை கொண்டவர் என்று கருதிவிடலாகாது. பிறந்த இடத்துக்கு அருகிலிருந்த பார்த்தலோமியு வைத்தியசாலையின் மாடிப்படிச் சுவர்களுக்கு, நோயாளரைக் குணமாக்கும் விவிலியக் காட்சிகளை மிகப் பெரிய அளவிலே எழுதி, ஒரு காசும் பெறாது கொடுத்தவர் அவர். கப்டன் தோமஸ் கோரம் நிறுவிய கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்துக்கு, கோரத்தின் உருவப்படத்தை 1740-இல் நன்கொடையாக அளித்தார். 1750-இல் ‘பின்ச்லிக்குப் படைச் செலவு’ என்ற ஓவியத்தை அதிர்ஷ்டலாபச் சீட்டு முறையிலே விற்றபோது, ஏறக்குறைய 2,000 சீட்டுக்களுள் 1,843 சீட்டுக்கள் விற்பனையாயின. எஞ்சியவற்றைக் குழந்தைகள் இல்லத்துக்கே கொடுத்தார். அதிர்ஷ்டமும் அக்குழந்தைகளின் பக்கமே நின்றது. ஓவியம் அவர்களுக்கே கிடைத்தது. விரும்பிக் கொடுப்பது வேறு, ஏமாற்றிப் பறிக்கப்படுவது வேறு என்பதை ஹோகார்த் போலத் தெளிவாக உணர்ந்த கலைஞர் சிலரே.

நம்பிக் கெட்ட ஓவியம்

1757-இல் அரசாங்கத்தின் தலைமை வண்ணக்காரர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்குப் பத்துப் பவுணே எனினும், பதவியோடு வந்த வேலைகளால் 200 பவுண் வரை வருவாய் உண்டாயிற்று. இந்நிலையில் சார்ள்மொன்ட் பிரபு ஒரு படம் எழுதித் தருமாறு கேட்டார். பொருளையும் விலையையும் ஓவியரின் விருப்பத்துக்கே விட்டார். படம் முடிந்ததும் மனமுவந்து 100 பவுண் அனுப்பினார். அந்தப் பண்பு ஹோகார்த்தின் உள்ளத்தைக் குளிர்வித்தது.

அப்படத்தைக் கண்ட சேர் ரிச்சர்ட் குறோவனர் என்னும் செல்வர், அதே முறையிலே தமக்கும் ஒன்று வேண்டுமென்றார். ஹோகார்த் இசைந்தார். கொலையுண்ட காதலனின் இதயத்தைக் கையிலேந்திக் கண்ணீர் வடிக்கும் சிகிஸ்மண்டா என்னும் அரசகுமாரியை எழுதத் தொடங்கினார். அண்மையிலே இதே பொருள் பற்றிய இத்தாலிய ஓவியம் ஒன்று 400 பவுணுக்கு மேல் விலைபோயிருந்தது. ஓர் ஆங்கிலேயனாலும் அதனை எழுத முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கம். அறுபது வயதைக் கடந்த அவர், எழுதி, அழித்து, மீண்டும் எழுதினார். 1759-இல் படம் முடிந்தபோது 400 பவுண் கேட்டார். அத்தகைய துயரக் காட்சியை எப்போதும் கண்முன்னே வைத்திருந்தால் மனம் சோர்ந்துபோகும் என்று நயமாக ஒரு கடிதம் எழுதிக் குறோவனர் விலகிக்கொண்டார்.

வாழ்நாளெல்லாம் பாதிப் பணம் பெற்றே தூரிகையைத் தொட்ட மனிதர், ஒரு பிரபுவின் பண்பைக் கண்டு மனம் நெகிழ்ந்து, இன்னொரு பிரபுவை வாய்ச்சொல்லிலே நம்பினார். முப்பது ஆண்டுக்கு முன் திரைச்சீலை வணிகரோடு நின்ற அதே இடத்திலே மறுபடியும் நின்றார். இம்முறை அவர் வழக்காடவில்லை. குறோவனரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, படத்தைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். தமக்குப் பின்னும் 500 பவுணுக்குக் குறைந்து அதை விற்கலாகாது என்று மனைவிக்குச் சொல்லி வைத்தார்.

மனைவிக்கு விட்ட தோப்பு

1764-இல் அவர் வெளியிட்ட இறுதிப் படம் எல்லாவற்றின் முடிவையும் காட்டுவது. உடைந்த வண்ணத் தட்டு, வெறுமையான பணப்பை, பிளந்த மணி ஆகியவற்றின் நடுவே காலம் என்னும் கிழவனே சாய்ந்து உயிர் விடுகிறான். அவ்வாண்டு அக்டோபர் 25-ஆந் திகதி நள்ளிரவை அடுத்து ஹோகார்த் லெஸ்டர் பீல்ட்ஸ் வீட்டிலே காலமானார். சிஸ்விக் என்னும் ஊரின் தேவாலய முற்றத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச் சென்ற பெருஞ் செல்வம் செப்புத் தகடுகளே. படங்களின் விற்பனையிலிருந்து சகோதரி ஆனுக்கு ஆண்டுதோறும் 80 பவுண் கொடுக்கவேண்டும் என்று விருப்பாவணம் கூறிற்று. குழந்தைகள் இல்லாத ஜேன் அம்மையார் தகடுகளைத் தம் மேற்பார்வையில் வைத்து, படங்களை அச்சிட்டு விற்று, மானத்தோடு வாழ்ந்தார். முந்திய படங்கள் பலவற்றின் உரிமைக் காலம் முடிந்துவிட்ட நிலையிலே, 1767-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உரிமைக் காலம் பொதுவாக இருபத்தெட்டு ஆண்டாக நீண்டது. ஹோகார்த்தின் படங்களுக்கு அவர் மனைவிக்கென்றே இருபது ஆண்டுத் தனியுரிமை வழங்கப்பட்டது. கணவர் வைத்த தோப்பு மனைவிக்குப் பயன் தந்தது. அந்த இருபது ஆண்டும் கழிந்த 1787-இல், அரச கலைக்கழகம் அளித்த நாற்பது பவுண் உதவிப் பணத்தை முதுமையிலே அவர் பெறவேண்டியிருந்தது. 1789-இல் அவரும் மறைந்தார்.

சிகிஸ்மண்டாவை அவர் இறுதிவரை விற்கவில்லை. 1790-இல் ஏலத்துக்கு வந்தபோது அது 56 கினிக்கே போயிற்று. ஹோகார்த் கேட்ட 400 பவுணை உலகம் ஈற்றுவரை கொடுக்கவேயில்லை.

எனினும் அவர் தேடித்தந்த சட்டம் நிலைத்தது. 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்புரிமைச் சட்டம் எல்லாக் கலைகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும்வரை அது நடைமுறையில் இருந்தது. அந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கையிலும் 1979-இல் புதிய சட்டம் வரும்வரை வழங்கியது. புத்தக அட்டைக்குப் படம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் ஓவியர் நம்மிடையிலும் உண்டு. அவர்கள் தம் படத்தின் மூலையிலே பெயரையும் திகதியையும் இடும்போது, அவ்வழக்கத்தைச் சட்டமாக்கப் போராடிய அந்த இலண்டன் தொழிலாளியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். கூலி கேட்பதற்கு அவர் ஒருநாளும் நாணவில்லை.